தொகுதிக்கு வெளியே

“தம்பி, எனக்கு லண்டன் எம்.பி. லெஸ்லியோட ஒருக்காக் கதைக்கோணும்.”

மாக்கஸ் நிமிர்ந்து பார்த்தான். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் சனத்தின் குறை கேட்பது அவன் வேலை. டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் பிடித்து வந்த றெஜினா அன்ரி, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

“அதுக்கு லண்டனுக்கல்லோ போன் எடுக்கோணும், அன்ரி?”

“எடுத்தனான். தங்கட தொகுதிச் சனத்துக்குத்தான் செய்வினமாம். உங்கட எம்.பி.யிட்டப் போங்கோ எண்டிட்டினம்.”

மாக்கஸுக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் லெஸ்லி இங்கிலாந்திலிருந்து வந்து, இங்கே ஒரு மண்டபத்தில், தன்னை ஆளாக்கிய தாயைப் பற்றிப் பேசி எல்லாரையும் அழவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஸ்காபரோவில் பாதிப் பேருக்கு அவரால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருந்தது.

“அவரின்ர கூட்டத்துக்கு வந்தனீங்களோ?”

“ஓம். கடைசி வரிசை. கிட்டப் போக விடேல்லை.”

“விசா அலுவலோ?”

“இல்லைத் தம்பி.”

“அப்ப நான் என்னெண்டு சொல்லிக் கேக்கிறது?”

அன்ரி குரலைத் தாழ்த்தினார்.

“அப்பாவுக்கு வருத்தம் கடுமையாம், படுத்த படுக்கையாம், மகன்ர குரலை ஒருக்காக் கேக்கோணுமாம் எண்டு சொல்லுங்கோ. அம்மா வந்து சொன்னவ எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எடுக்கமாட்டான்.”