வெளிக்காற்று

சயான் சர்க்கிளுக்கு முன்னால் சிவப்புத் தபால் பெட்டி தெரிந்ததும் காரை ஓட்டிக்கொண்டிருந்த தனசீலன் கையை நீட்டிக் காற்றுத் திறப்பின் மூடியை அடைத்தான்.

டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் உட்காருபவரின் காலுக்கு நேராக, வெளிக்காற்று உள்ளே வர ஒரு திறப்பு. அதற்குத் தகரத்தில் ஒரு மூடி. சாலைக்கு இடப்பக்கம் தாராவி. அங்கே பதனிடும் கிடங்குகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது.

"உனக்கு நாய் மூக்குப்பா, தனசீலன்" என்றாள் பின் சீட்டிலிருந்த மீனாட்சியம்மாள். "எனக்குத் தெரியறதுக்கு முந்தி மூடிடறே."

"பழக்கந்தாம்மா."

அவனுக்கு எந்த வாசனையும் தெரியாது. தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்ற வருஷங்களில் மோப்பம் போய்விட்டது. மல்லிகையும் மலமும் அவனுக்கு ஒன்று.

பழைய டிரைவர் ஒரு நாள் இந்த மூடியை அடைக்க மறந்தான். மீனாட்சியம்மாள் சீட்டிலேயே வாந்தி எடுத்தாள். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. அந்த இடத்துக்கு வந்த தனசீலன் தன் மூக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இடங்களை வைத்து மூடினான், இடங்களை வைத்துத் திறந்தான். சந்தேகம் வந்தால் தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அவள் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டான். மூக்குக்கு ஏறினால் மூடு. இறங்கினால் திற.

இன்று முன் சீட்டில் அவன் பெண்டாட்டி லூசியம்மாள் இருந்தாள். செம்பூரில் மீனாட்சியம்மாளின் தங்கை வீட்டில் பாத்திரத்துக்கும் துணிக்கும் ஆள் வேண்டும். பிடித்துப்போனால் பின்கட்டில் ஓர் அறை உண்டு. ஒழுகாத அறை. தாராவியில் அவர்கள் குடிசைக்குள் மழை தொடங்கியதிலிருந்து தண்ணீர் நின்றது.

இப்போதும் மழைதான். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். போன வருஷ யுத்த இருட்டடிப்புக்காக ஹெட்லைட்டில் பூசிய கறுப்பை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருந்தது.

சுனாபட்டி தாண்டினால் இருபுறமும் வெட்டவெளி. அங்கே ஒரு நாளும் நாற்றம் வந்ததில்லை. மூடியைத் திறந்தான். காற்று லூசியம்மாளின் சேலைக் கரையைத் தூக்கி அசைத்துவிட்டுப் பின்னால் போனது.

கண்ணாடியில் கைக்குட்டை ஏறியது.

"இங்கயுமா? இங்க என்னிக்கும் வராதே!"

"எங்கயோ சாக்கடை தோண்டுதாங்க போலம்மா."

மூடினான். சற்றுப் பொறுத்துக் கைக்குட்டை இறங்கியது. திறந்தான். ஏறியது. இந்தத் தடவை அவள் கண்களிலும் நீர் வந்திருந்தது.

மூடினான்.

வெளியே பார்த்தான். மழை, புல், மின்கம்பங்கள். சாக்கடை இல்லை. குப்பை லாரி இல்லை. செத்த மாடு இல்லை.

அந்தத் திறப்புக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்தான்.

லூசியம்மாளின் கால்கள் இருந்தன.

இடது காலில் துணி சுற்றியிருந்தாள். சேற்றுப்புண் என்று சொல்லியிருந்தாள். மழைக்காலத்தில் தாராவியில் யாருக்குத்தான் சேற்றுப்புண் இல்லை? அவனுக்கும் இருந்தது. அவள் துணியை மாற்றி மாற்றிக் கட்டுவதைத் தினமும் பார்த்தான். அவிழ்த்துக் காட்டு என்று கேட்டதில்லை.

துணிக்கு மேலே கணுக்கால் கறுத்திருந்தது.

"ஏட்டி, அது சேத்துப்புண்ணா?" குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சும்ம ஓட்டுங்க. ரூம் கெடைக்கட்டும், பொறவு பாத்துக்கலாம்."

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் தூக்கித்தான் இழுத்தாள்.

அவளுடைய அண்ணன் இன்னாசிமுத்துவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு விரலுக்காக ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் முழங்கால் வரை காலை விட்டுவிட்டுத் திரும்பினார். அவளுக்கு ஆஸ்பத்திரி என்றால் அதுதான்.

செம்பூருக்கு இன்னும் கொஞ்ச தூரம். மூடியை அடைத்தபடியே ஓட்டினால் வாசல் வரை போய்விடலாம். தங்கை வீட்டம்மா வராந்தாவில் நின்றுதான் பேசுவாள். மழைக்காற்றில் தெரியாமலேகூடப் போகலாம். அறையும் கிடைத்துவிடலாம். எல்லாவற்றையும் அவன் நினைத்துப் பார்த்தான். மனசு எதிலும் ஒட்டவில்லை.

வேகத்தைக் குறைத்து வண்டியைத் திருப்பினான்.

"என்னப்பா, ஏன் திருப்பறே? அவ காத்துண்டிருப்பாளே?"

"நாத்தம் வெளிய இல்லம்மா" என்றான். "சயான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

மீனாட்சியம்மாள் முன் சீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

லூசியம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். "பேராச்சியா?"

அடுத்த குடிசைப் பேராச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிசையில் யாருமே அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதமாகக் குழாயடியில் லூசியம்மாள் குடத்தோடு வந்தால் எல்லோரும் ஒதுங்கி, முதலில் அவளைத் தண்ணீர் பிடிக்க விட்டார்கள். கார் டிரைவர் பெண்டாட்டி என்ற மரியாதை என்று அவன் நினைத்திருந்தான். இரண்டொருவரிடம் அதைச் சொல்லியும் இருந்தான்.