பெயர் சொல்லி ஒரு ஜெபம்

டீச்சர் ஆமென் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

பன்னிரண்டு தையல் மெஷின்களில் ஒன்றுகூட ஓடவில்லை.

மிஷன் தையல் வகுப்பில் இது நடக்காத காரியம். காலை பத்து மணிக்கு ஜெபம். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் பெண்களின் கால்கள் பெடலில் இருக்கும். மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பீடி சுற்ற வேண்டியவர்கள். கர்த்தருக்கு ஐந்து நிமிஷம் கொடுப்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

இன்றைக்குப் பதினோரு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோர மெஷினில் முப்பிடாதி. யாரையும் அவள் பார்க்கவில்லை. ஊசி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டீச்சருக்குத் தான் ஜெபித்தது உறைத்தது.

“ஆண்டவரே, சிறையிலிருக்கிற முப்பிடாதியின் புருஷனுக்கு இன்றைக்கு ஜாமீன் கிடைக்கச் செய்யும்.”

இதற்குத்தான் எல்லாரும் ஆமென் சொல்லியிருந்தார்கள்.

தபால் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வருஷமாக மிஷனில் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். ஜெபத்திலும் முகவரி தவறக்கூடாது அவளுக்கு. எல்லாரையும் ஆசீர்வதியும் என்று பொத்தாம்பொதுவாக முடிப்பது பிடிக்காது. யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டு ஆடு குட்டி போடத் திணறுகிறது, எல்லாம் பெயரோடு போகும்.

“டீச்சர் ஜெபம் தப்பாம போய்ச் சேரும்” என்று பெண்களே சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பத்து நாளைக்கு முன்னால், குழாயடியில் கை கழுவும்போது முப்பிடாதி சொன்னாள்.

“ஒங்க சாமிகிட்ட மட்டும் சொல்லுங்க டீச்சர். எம் மவளுக்கே தெரியாது.”

தெருவும் மகளும் அவள் புருஷன் துபாயில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி ஒரு நீலப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள். சென்ட் பாட்டில், சாக்லேட், மகளுக்கு ஒரு பொம்மை. ஜாமீன் கிடைத்து வெளியே வந்ததும் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிடுவாள். துபாயிலிருந்து வருகிறவன் தெருவுக்குள் எப்படி வருவானோ, அப்படி அவன் வருவான்.

சொல்லும்போது அவள் சிரித்தாள். டீச்சரும் சிரித்தாள்.

சாமியிடம் மட்டும் சொல்லச் சொன்னாள். டீச்சர் சாமியிடம்தான் சொன்னாள். வாய் விட்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தேவலை. அது கெடுவது தன்னை.

முப்பிடாதி பாதி தைத்த பாவாடையை மடித்து மெஷின்மேல் வைத்தாள்.

“பரவால்ல டீச்சர்” என்றாள்.

திட்டியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் அவள் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. முப்பிடாதியின் செருப்பு வாசலில் கிடந்தது. படியில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

“டீச்சர், எங்கப்பா ஜெயில்லயா இருக்காங்க?”

ஊர் ஆட்டுக்கெல்லாம் ஜெபிக்க வார்த்தை வைத்திருந்தவள் அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். பிள்ளை தலையை நகர்த்திக்கொண்டது.

அதற்கு அடுத்த நாள், ஜெபத்துக்கு முன்னால் வழக்கம்போலக் கேட்டாள்.

“யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?”

முன்பெல்லாம் ஆளுக்கு மூன்று குறிப்பு வரும். போதும் போதும் என்று அவளே கையமர்த்த வேண்டியிருக்கும்.

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் டீச்சர்.”

சொன்னவள் வேலம்மா. இடது கன்னம் வீங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் அதை மறைத்துக்கொண்டு, கண்களை முதலில் மூடியவளும் அவள்தான்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. ஜெபித்த அன்றைக்கே முப்பிடாதியின் புருஷனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதாம். ஜெபம் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் வெறுங்கையோடு, தலை குனிந்து, பட்டப்பகலில் தெருவுக்குள் வந்தான் என்றார்கள். மகள் பின்வாசல் வழியாக எங்கோ ஓடிவிட்டாளாம்.

இன்று வெள்ளிக்கிழமை. மிஷனுக்கு வந்த நன்கொடைப் பொருட்களைப் பிரித்து வைக்கும் நாள். பழைய சட்டைகள், போர்வைகள், ஒரு மூட்டைப் பாத்திரம்.

அவற்றுக்கு நடுவில் ஒரு நீலப் பெட்டி. சக்கரத்தில் மண் படவில்லை.

யார் கொண்டுவந்து வைத்தது என்று காவலாளிக்குத் தெரியவில்லை.

அவள் திறந்து பார்த்தாள். சென்ட் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. சாக்லேட் அப்படியே. பொம்மை கண்ணாடித்தாளுக்குள் கண் விழித்துப் படுத்திருந்தது.

பெட்டியை மூடினாள். கை பூட்டின்மேலேயே இருந்தது. தான் செய்தது என்ன என்று அவளுக்கு முழுசாகத் தெரிந்தது அப்போதுதான். அழுகை வந்தது. அழுதாள்.

ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். பொருளின் பெயர், கொடுத்தவர் பெயர். கொடுத்தவர்களுக்காகச் சாயங்காலக் கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபிப்பது மிஷன் வழக்கம். அதைச் செய்வதும் அவள்தான்.

சீட்டை எடுத்தாள்.

‘பெட்டி, ஒன்று’ என்று எழுதினாள்.

கொடுத்தவர் பெயர் எழுதும் இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது.

பிறகு அதை மூடித் தன் சேலை இடுப்பில் செருகிக்கொண்டு, வெற்றிடத்தோடேயே சீட்டை ஒட்டினாள்.