எட்டுக் கம்பியும் பத்து மணி லாரியும்

"யாரு என் கம்பிங்களைத் தொட்டது?"

வாத்தியார் போட்ட சத்தத்தில் கார் ஷெட்டின் தகரக் கூரை ஒரு தரம் எழும்பி உட்கார்ந்தது.

"நான்தான்," என்றாள் மனைவி, கையைத் துடைத்தபடி வந்து. "ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. நேத்து கழுவி வச்சேன்."

"எட்டையுமா கழுவினே?"

"ஏழைக் கழுவிட்டு ஒண்ணை விட்டா அது கோவிச்சுக்காதா?"

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு மயக்கம் வரும்போல இருந்தது. இன்றைக்கென்று பார்த்தா இப்படி?

அந்தப் பழைய கார் தண்ணீரே கேட்காத ரகம். காற்றடித்தே இன்ஜின் சூடு ஆறிவிடும். பதினோரு மாதத்துக்கு முன் அதற்குள்ளிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. மூன்று தெரு தள்ளி இருந்தவர்கள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்த் திறந்தார்கள். வாத்தியார் பிரித்துப் பார்த்தார். வால்வைத் தட்டும் ராக்கர்களின் முகத்தில் பள்ளம். வால்வு ஏறி இறங்கும் குழாய்கள் தொளதொள. மூன்றாவது சிலிண்டரில் வால்வு விளிம்பே கருகியிருந்தது. ஆணிவேர் வரைக்கும் கழற்றி, ராக்கர் பள்ளங்களைத் தீட்டி, மற்றதை மாற்றி, இன்ஜினைத் திரும்பக் காரில் ஏற்றியாயிற்று.

ராக்கர்களையும், அவற்றை உந்தும் புஷ்ராட் என்கிற எட்டு நீளக் கம்பிகளையும் மாட்டினால் முடிந்தது. அதைத்தான் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருந்தார். காலையில் மாட்டுவார், "இடைவெளி திருப்தியா இல்லை" என்று மத்தியானம் கழற்றுவார். சாவியைத் திருப்ப மட்டும் கை வரவில்லை. ஒருவேளை அந்த டக் டக் இன்னும் உள்ளேயே இருந்தால்?

போன வெள்ளிக்கிழமை மனைவி கெடு வைத்தாள்: புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கார் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

இன்று புதன். மணி எட்டரை.

"எட்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? அதுக்கு ஏன் குதிக்கிறீங்க?"

"நம்ம ரெட்டைப் பசங்களும்தான் ஒரே மாதிரி இருக்காங்க. மருமகளுங்க மாத்திக் கூட்டிட்டுப் போனா சும்மா இருப்பியா? எந்தக் கம்பி எந்த ராக்கரோட தேஞ்சு பழகிச்சோ அதோடதான் சேரணும். மாறிப் போச்சுன்னா ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் தின்னுடும்!"

"முப்பத்தெட்டு வருஷமா தேயறேன், எனக்கே சொல்றீங்களா? வால்வு தேஞ்சுதோ இல்லையோ, இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு."

"அட்டையில ஒண்ணு, ரெண்டுன்னு எழுதி ஓட்டை போட்டு வச்சிருந்தேனே... சரியாத்தான் சொருகினியா?"

"எல்லாம் போக வேண்டிய இடத்துலதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தேய்ந்த தடம் ஏதாவது தெரிகிறதா என்று வாத்தியார் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கழுவிய கழுவலில் எட்டும் கண்ணாடி மாதிரி அவரையே திருப்பிக் காட்டின. வேறு வழியில்லை. கம்பிகளை உள்ளே விட்டார். ராக்கர்களை இறுக்கினார். சிலிண்டரில் உள்ளங்கையை வைத்து இன்ஜின் ஜில்லென்று இருப்பதை ஏழு தடவை உறுதி செய்துகொண்டு, மெல்லிய அளவுத் தகட்டைச் செருகி ஒவ்வொரு வால்வுக்கும் இடைவெளி வைத்தார். வியர்வை மட்டும் ஒரு பக்கெட் நிறைந்திருக்கும்.

ஒன்பதரைக்கே லாரி வந்து நின்றது. பழைய இரும்புக்காரர் சங்கிலியும் கயிறுமாக இறங்கினார்.

"பத்து மணின்னுதானே சொல்லியிருக்கு?" என்று வாத்தியார் சீறினார்.

"கயிறு கட்ட நேரமாகும் ஐயா. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. ஏன்மா, முன்பக்கமா தூக்குறதா, பின்பக்கமா?"

"எது கனம் கம்மியோ அப்படித் தூக்குங்க," என்றாள் மனைவி.

வாத்தியார் மூடியை மாட்டினார். உடனே மறுபடியும் ஸ்பானரைத் தேடினார். "மூணாவதை மட்டும் ஒரே ஒரு தரம் கழட்டிப் பாத்துட்டு..."

ஸ்பானர் மனைவி கையில் இருந்தது. அதை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஐயா, பத்தாக ஏழு நிமிஷம்," என்றார் இரும்புக்காரர்.

"எனக்குக் கழித்தல் தெரியும்யா!"

"ஏறி உக்காந்து சாவியைத் திருப்புங்க," என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என்னதான் ஆயிடும்?"

வாத்தியார் ஏறினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திருப்பினார்.

இன்ஜின் இருமியது. தும்மியது. பதினோரு மாதப் புகையையும் ஒரே மூச்சில் ஷெட்டுக்குள் கக்கியது. பிறகு சீராக, தையல் இயந்திரம் மாதிரி ஓட ஆரம்பித்தது. அந்த டக் டக் இல்லவே இல்லை.

வாத்தியார் காரிலிருந்து இறங்கினாரா பறந்தாரா என்று தெரியாது. "பாத்தியா! கம்பியைக் கலைச்சு வச்சே, அதையும் மீறி ஓடுது பாரு! பதினோரு மாசம்! இன்னொருத்தர் கை பட்டிருக்குமா இதுல?"

"நீங்களாச்சு, உங்க காராச்சு," என்றபடி மனைவி ஏனோ அவசரமாக வீட்டுக்குள் கிளம்பினாள்.

இரும்புக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே காதைச் சாய்த்துக் கேட்டு, தலையாட்டினார்.

"சத்தம் சுத்தமா இருக்கு ஐயா. நேத்து நீங்க பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்போ அம்மாவே கம்பிங்களை மாட்டி ஓட்டிக் காட்டி, திரும்பக் கழட்டி வச்சுட்டு, 'சும்மா நாளைக்கு லாரியோட வந்து நில்லுங்க, அப்பதான் அவரு சாவியைத் திருப்புவாரு'ன்னாங்க. முதல்ல கொஞ்சம் டக் டக்குன்னுதான் இருந்துச்சு, நீங்க மாத்தி எழுதி வச்சிருந்த மூணையும் நாலையும் அவங்க இடம் மாத்திப் போட்டதும் கப்புனு நின்னுடுச்சு!"