கிழக்குத் தோப்பின் சராசரி

வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு தோப்பு, மேற்கே ஒரு தோப்பு. இரண்டிலும் பத்துப் பத்து அணில் குடும்பங்கள். எந்தத் தோப்பு பணக்காரத் தோப்பு என்று பார்க்க ஒரு மைனா வந்து, கூடு கூடாகக் கடலையை எண்ணியது.

“மேற்கில் வீட்டுக்குப் பன்னிரண்டு. கிழக்கில் சராசரியாக வீட்டுக்கு நூறு!”

கிழக்குத் தோப்பில் வாழ்ந்த வடிவு என்ற அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டுக்கு ஓடிப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு கடலை. அதைச் சுற்றிப் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தன.

“மைனாண்ணே, என் மிச்சத் தொண்ணூற்றொன்பது எங்கே?”

“பூபதி அணிலின் பொந்தில் இருக்கிறது, தாயி. உங்கள் ஒன்பது வீட்டிலும் ஒவ்வொன்று, அவரிடம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தால் வகுத்தேன்.”

வடிவு நேரே பூபதியிடம் போனாள். “ஐயா, என் தொண்ணூற்றொன்பதை வாங்கிப் போக வந்தேன்.”

“அது சும்மா கணக்குக்குச் சொன்னது, போம்மா,” என்று பூபதி பொந்தை வாலால் அடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது குடும்பங்களும் ஆளுக்கொரு கடலையைக் கவ்விக்கொண்டு வாய்க்காலைத் தாண்டின. மேற்குத் தோப்பு அணில்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தன. பசித்த பிள்ளைகளுக்குக் கடலையும் கொடுத்தன.

அன்று மாலையே மைனா மறுபடி எண்ணியது. “கிழக்கின் சராசரி இப்போது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று! உலகத்திலேயே முதலிடம்!”

பூபதி பெருமையோடு எழுந்து நின்றார். கைதட்ட யாரும் இல்லாததால் தானே தட்டிக்கொண்டார்.