நாலு மடங்கு கால்சியம்

வீட்டில் பார்த்த மாப்பிள்ளை குபேந்திரனை, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தாள் ஷாமினி. ரசத்தில் கிடந்த கறிவேப்பிலையை அவள் ஓரமாக ஒதுக்கியதுமே அவன் முகம் சுளித்தான்.

"கொத்தமல்லிய மட்டும் சாப்பிடுறீங்க? அதவிட நாலு மடங்கு கால்சியம் கறிவேப்பிலையில இருக்குலா. நானெல்லாம் ஒண்ணுவிடாம மென்னு முழுங்கிடுவேன். படிச்சவங்கதானே நீங்க?"

மோர் வரும்வரை பாடம் ஓயவில்லை. பிறகு அவன் தன் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனான்.

மேசை துடைக்க வந்தவர் அந்த இலையைத் தூக்கினார். மடிப்பு விரிந்து, ஒரு பிடி கறிவேப்பிலை கொட்டியது. ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை.

ஷாமினி இடது கையால் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மா, மாப்பிள்ளை கை கழுவப் போயிருக்காரு. நானும் அவர கை கழுவிட்டேன்லா!"