அண்ணன் கேட்ட மரம்

"உனக்கு அண்ணன் பெருசா, இந்தத் தூங்குமூஞ்சி மரம் பெருசா?"

அண்ணன் கேட்டதும் தங்கை நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். அந்த மர நிழலில்தான் அவளுடைய தையல் மெஷின் ஓடியது.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கார் நிறுத்தக் கான்கிரீட் தரை போட இருந்தான். பொக்லைன்காரர் மேல்மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். கீழே வெயிலில் பாளம் பாளமாக வெடித்த களிமண்.

"வேர் வந்து தரையைப் பேத்துடும். நீயா வெட்டறியா, நான் ஆளை விட்டு வெட்டட்டுமா?"

மறுநாள் அவளே ஆள் வைத்து வெட்டினாள்.

"இப்பதான் நீ என் தங்கச்சி!" என்று அண்ணன் சிரித்தான்.

"மழைக்கு முன்னாடி தரையைப் போட்டுடுண்ணா."

ஜல்லி கொட்டி, இடித்து இறுக்கி, அந்த வாரமே போட்டான்.

மழை பெய்தது. வேலியோரம் தரை முதுகைத் தூக்கிக்கொண்டு குறுக்கே விண்டது.

உடைத்தெடுக்க அதே பொக்லைன்காரர் வந்தார். "இங்கே நின்ன மரம் எங்கே சார்?"

"வெட்டியாச்சு. ஏன்?"

"போச்சு! அது குடிச்ச தண்ணியெல்லாம் இப்போ களிமண்ணு குடிக்குது. ஊதாம என்ன செய்யும்? மரத்தை வெட்டினா ரெண்டு மழைக்காலம் பொறுத்துத்தான் தரை போடணும்னு அன்னைக்கே சொன்னேனே!"

"யார்கிட்ட?"

"உங்க தங்கச்சிகிட்ட. வெட்டினா என்ன ஆகும்னு வேலியோரம் வந்து கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லிடறேன்னாங்களே?"

அண்ணன் திரும்பினான். வெட்டிய அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அண்ணன்தான் பெருசு. அதான் வெட்டிட்டேன்" என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.