கீறல் விழுந்த புதுச் சைக்கிள்

மூன்றாவது சனிக்கிழமையும் சிவகுருநாதன் அண்ணை என்னை அதே சைக்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் நிற்கும் யூலியா, மடிக்கிற சைக்கிள்கள் மூன்றையும் மறுபடி எடுத்து வைத்தாள். போன கிழமை இருந்த சிரிப்பு இல்லை.

அண்ணை மடித்தார், விரித்தார், தூக்கிப் பார்த்தார்.

"இது பாரம். இது மடிக்கச் சுணங்குது. ரயில் வந்து நிக்கேக்க பூட்டோட மல்லுக்கட்ட ஏலுமே?"

"நீங்கள் எப்ப அண்ணை ரயிலில போறனீங்கள்?"

அண்ணை சீற்றைத் தட்டிப் பார்த்தார். ஆறடி ஆளுக்கு சீற் உயருமா என்று யூலியாவிடம் கேட்டார். அண்ணை ஐந்தடி இரண்டங்குலம்.

"இனித்தான் வளரப் போறியளோ?"

"சும்மா இரும் தவராசா."

கடைசியில் நீல நிறத்தை வாங்கினார். வழிநெடுகப் பழைய கதை. எண்பத்தேழில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் இருந்தபோது, தெருவோரக் குப்பையில் மடிக்கிற சைக்கிள் ஒன்று எடுத்தாராம். நான் நூறு தரம் கேட்டது.

"அதிலதான் சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போனனான். கண்டநேரமே மழைக்கு சீற்றில ஒரு பொலித்தீன் பை கட்டியிருந்தது. ரெண்டு சில்லுக்கும் காத்து இறுக்கமா இருந்தது, செயினுக்கு எண்ணெயும் போட்டிருந்தது. அதைப் போய் எறிஞ்சிருக்குதுகள்! நான் எடுக்கேக்க எதிர்வீட்டுக் கிழவி திரைக்குப் பின்னால நிண்டு பாக்கிறாள், ஏதோ நான் கள்ளன் மாதிரி."

வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்தார். புதுப் பெயின்றில் சரக்கென்று ஒரு கீறு. பூச்சாடி மண்ணை அள்ளிச் சில்லில் பூசினார்.

"அண்ணை! விசரே உங்களுக்கு?"

"புதுசெண்டு தெரிஞ்சால் யோசப் தொடமாட்டான்."

யோசப் மேல்வீட்டுக்காரன். எரித்திரியாவிலிருந்து வந்து ஒரு வருடம். ஆறடி உயரம். விடிய ஸ்டேசனுக்கு முக்கால் மணி நேரம் நடந்து, ரயிலேறி, இறங்கி மறுபடி நடந்து வேலைக்குப் போகிறவன். அண்ணை கொடுத்த குளிர்ச்சட்டையை, "நன்றி, வேண்டாம்" என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை, ஆட்கள் தெருவில் வைக்கிற பழைய சாமான் அள்ளுகிற வண்டி வரும். ஞாயிறு பின்னேரம் அண்ணை காற்றை இறுக்கி அடித்து, தெருவோரத்தில் கால் உடைந்த ஒரு கதிரையோடு சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார்.

இருவரும் யன்னல் திரைக்குப் பின்னால் நின்றோம்.

யோசப் வந்தான். கடந்து போனான். திரும்பி வந்து சில்லை அழுத்திப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தவன், யன்னலில் எங்களைக் கண்டுவிட்டான். முகம் கறுத்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனான்.

"பாத்தியளே அண்ணை, தன்னைக் கள்ளன் எண்டு பாக்கிறம் எண்டு நினைச்சிட்டான்!" நான் சிரித்தேன்.

அண்ணை சிரிக்கவில்லை. திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"அண்டைக்கும் ஆரோ காத்தடிச்செல்லே வச்சிருந்தது... அந்த எதிர்வீட்டு மனுசியின்ர பேரைக்கூட நான் கேக்கேல்லை, தவராசா."